இலை ஓரமெல்லாம் கருகுகிறது: மாடித்தோட்டத்தில் எங்கே தவறினேன்?

மொட்டைமாடி (மேடவாக்கம்) | ஜூன் 2

வணக்கம். சித்திரை முதல் நாள் நல்ல நாள் என்று மாடித்தோட்டம் தொடங்கினேன். இன்றோடு ஐம்பது நாள். 12 அங்குலப் பை இருபத்து நான்கு, ஐந்து கிலோ கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி ஆறு, மண்புழு உரம், விதைப் பாக்கெட்டுகள், பூவாளி, கையுறை (எதற்கு வாங்கினேன் என்று இப்போது தெரியவில்லை) எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய். தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், பீன்ஸ், அரைக்கீரை போட்டேன்.

முதலில் பீன்ஸ் போயிற்று. நான்கு இலை விட்டதும் ஓரம் பழுப்பாகி, இஸ்திரிப் பெட்டியில் தீய்ந்த துணிபோல் மொறுமொறுத்து உதிர்ந்தது. அடுத்து மிளகாய். இப்போது தக்காளியிலும் தொடங்கிவிட்டது. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. தண்ணீர் காலையும் மாலையும் தவறாமல் ஊற்றுகிறேன்.

இதுவரை அறுவடை: ஒரு பிடி கீரை, பதினொரு வெண்டைக்காய். கீரையைச் சேர்க்காமல் என் கணவர் கணக்குப் போட்டு, ஒரு வெண்டைக்காய் 618 ரூபாய் என்று குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறார். யாராவது காப்பாற்றுங்கள்.

பசுமைப்பித்தன் (சேலம்) | ஜூன் 2

சத்துக் குறைபாடு. சந்தேகமே வேண்டாம். பஞ்சகவ்யா ஒரு லிட்டருக்கு 30 மில்லி கலந்து வாரம் ஒருமுறை தெளியுங்கள். அதோடு எப்சம் உப்பு ஒரு தேக்கரண்டி வேரில் விடுங்கள். பத்தே நாளில் பச்சைப் பசேல் என்று ஆகிவிடும்.

வெள்ளாமை (திருமங்கலம்) | ஜூன் 2

அக்கா, நாள் பார்த்தீர்கள், பட்டம் பார்க்கவில்லையே! ஆடிப்பட்டம் தேடி விதை என்பது சும்மா சொன்னதில்லை. சித்திரையில் காங்கிரீட் தரை கொதிக்கும். அதன்மேல் கறுப்புப் பை. வேர் வெந்துபோகாமல் என்ன செய்யும்? நிழல்வலை கட்டுங்கள். பீன்ஸ் ஊட்டி, கொடைக்கானல் பக்கத்துப் பயிர். அதைச் சென்னை வெயிலில் போட்டது அதற்கு நீங்கள் இழைத்த கொடுமை.

மொட்டைமாடி | ஜூன் 3

நிழல்வலை மே மாதமே கட்டிவிட்டேன், 50 சதவீத வலை. பையைச் செங்கல் மேல்தான் வைத்திருக்கிறேன். பஞ்சகவ்யா ஏற்கெனவே இரண்டு முறை தெளித்தேன். எப்சம் உப்பும் போட்டாயிற்று. அதற்குப் பிறகு கருகல் கூடியதுபோல் தோன்றுகிறது. என் மனப்பிரமையாகவும் இருக்கலாம்.

ஓய்வுபெற்ற களப்பணி (திண்டிவனம்) | ஜூன் 3

மனப்பிரமை இல்லை அம்மா. மருந்து சொல்லும் முன் நான்கு கேள்விகள்.

ஒன்று, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இரண்டு, கருகல் அடியிலுள்ள முதிர்ந்த இலையில் தொடங்கியதா, நுனியிலுள்ள இளம் இலையிலா? மூன்று, பையின் வெளிப்பக்கத்தில், தையல் ஓரத்தில், வெள்ளையாக ஏதாவது பூத்திருக்கிறதா? நான்கு, தண்ணீர் ஊற்றினால் பைக்கு அடியில் வடிகிறதா, அதற்குள் நிறுத்திவிடுகிறீர்களா?

அதுவரை எதையும் தெளிக்காதீர்கள். எப்சம் உப்பை மூடி வையுங்கள்.

மொட்டைமாடி | ஜூன் 3

போர் தண்ணீர் ஐயா. 140 அடி. சோப்பு நுரைக்காது, வாளி அடியில் வெள்ளையாகப் படியும். கருகல் அடி இலையில்தான் தொடங்கியது. மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன், பையைச் சுற்றி வேதாரண்யம் உப்பளம்போல் இருக்கிறது. விரலால் சுரண்டி நாக்கில் வைத்தேன். கரித்தது. தண்ணீர் வடிந்தால் தரை பாழாகும் என்று ஒவ்வொரு பைக்கும் வேளைக்கு ஒரு லிட்டர் அளந்து ஊற்றுகிறேன்.

ஓய்வுபெற்ற களப்பணி | ஜூன் 4

நாக்கில் வைத்தது சரியான ஆய்வு, ஆனால் இனி வேண்டாம். தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒன்று வாங்குங்கள். தோட்டத்துக்கு நீங்கள் வாங்கியவற்றில் உருப்படியான பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

நடந்தது இதுதான். உங்கள் போர் தண்ணீரில் லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் கரைந்த உப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம், அதாவது இரண்டு கிராம். நாளுக்கு இரண்டு லிட்டர் என்றால் ஒரு பைக்குள் நான்கு கிராம் போகிறது. தண்ணீரைச் செடி குடிக்கிறது, வெயிலும் குடிக்கிறது. உப்பை இரண்டும் தொடுவதில்லை என்றே சொல்லலாம். நீங்கள் வடியவும் விடவில்லை. ஐம்பது நாளில் 200 கிராம்! ஒரு பையில் கால் கிலோவுக்குச் சற்றே குறைவாக உப்பைக் கொட்டிவிட்டு, அதற்குள் தக்காளியை வளரச் சொல்கிறீர்கள்.

வேரைச் சுற்றி உப்பு கூடினால், மண் ஈரமாக இருந்தாலும் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. உள்ளே போகும் கொஞ்ச உப்பும் இலையின் ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்து அங்கேயே தங்கும். அதனால்தான் முதிர்ந்த இலையில், அதுவும் ஓரத்தில் கருகுகிறது. பீன்ஸ் முதலில் போனதற்கு வெயிலும் ஒரு காரணம். ஆனால் காய்கறிகளில் உப்பை மிகக் குறைவாகத் தாங்குவதும் அதுதான். தக்காளி அதைவிடக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்பேட். பெயரிலேயே உப்பு இருக்கிறது. பஞ்சகவ்யாவிலும் உப்புகள் உண்டு. நல்ல மண்ணில் அவை உதவும். இங்கே எரிகிற வீட்டில் நெய் வார்த்தாயிற்று.

பசுமைப்பித்தன் | ஜூன் 4

தண்ணீரைக் கேட்காமல் சொன்னது என் பிழை. எங்கள் வீட்டில் ஆற்றுத் தண்ணீர், அந்த நினைப்பிலேயே எழுதிவிட்டேன். பஞ்சகவ்யாவை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். என் எலுமிச்சை சாட்சி.

மொட்டைமாடி | ஜூன் 7

மீட்டர் வந்துவிட்டது. போர் தண்ணீர் 2,140. குடிநீர் வாரிய லாரித் தண்ணீர் 310. ஒரு பையில் தண்ணீர் நிறைய விட்டு, அடியில் வடிந்ததைப் பிடித்து வைத்துப் பார்த்தேன்: 5,900! மீட்டர் கெட்டுவிட்டதோ என்று மூன்று முறை கழுவிப் பார்த்தேன்.

குடிக்கிற தண்ணீர் சுத்திகரிப்பானில் கழிவாக வெளியேறும் தண்ணீரைச் செடிக்கு விடலாம் என்று ஒரு காணொளியில் பார்த்தேனே, அது சரியா?

ஓய்வுபெற்ற களப்பணி | ஜூன் 7

கூடவே கூடாது. நல்ல தண்ணீரைப் பிரித்து உங்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்ச உப்பையெல்லாம் சுமந்துகொண்டு வருவதுதான் அந்தக் கழிவுநீர். போர் தண்ணீரைவிடக் கெட்டியாக இருக்கும். கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் சரி.

குளிரூட்டி சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள். அது காற்றின் ஈரம். உப்பே இருக்காது என்று சொல்லிவிடலாம்.

நார்க்காரன் (பொள்ளாச்சி) | ஜூன் 8

இந்தத் தொழிலிலேயே இருக்கிறவன், எனவே ஒரு வாக்குமூலம். 5,900-க்குத் தண்ணீர் மட்டும் காரணமாக இருக்காது. தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியம், சோடியம் உப்புகள் இயற்கையாக உண்டு. நார் பிரித்த பிறகு மிஞ்சும் தூளை நல்ல தண்ணீரில் அலசி எடுத்தால்தான் செடிக்கு ஆகும். உள்ளூர்க் கடைகளில் அலசியதும் கிடைக்கும், அலசாததும் கிடைக்கும். கட்டியைப் பார்த்து வித்தியாசம் சொல்ல என்னாலேயே முடியாது.

ஊறவைத்துப் பிழிந்தால் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் வரும். அதைக் கொட்டிவிட்டு மறுபடி ஊறவைத்துப் பிழியுங்கள். மூன்றாவது, நான்காவது தடவையில் வெளுத்த தேநீர் அளவுக்கு வரும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், மீட்டரை வையுங்கள். ஊற்றிய தண்ணீரின் அளவுக்குப் பக்கத்தில் வந்தால் போதும்.

இன்னொன்று. நார்த்தூளில் மட்டும் செடி வளர்ப்பது, தினமும் உரம் கரைத்து விடும் பசுமைக்குடில்காரர்களுக்குச் சரி. வீட்டுக்கு ஒரு பங்கு நார்த்தூள், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ போதும். என் சரக்கை நானே குறைத்து வாங்கச் சொல்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் குறுக்குத்தெரு (மதுரை) | ஜூன் 8

இவ்வளவு வம்பு எதற்கு? மாடியிலேயே ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்று வைத்து லாரித் தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள். பைகளை எடுத்துவிட்டுப் பெரிய டிரம்களாக வாங்குங்கள். மண் அதிகமானால் உப்பு பரவிவிடும்.

முன்னாள் ஓவர்சியர் (திருச்சி) | ஜூன் 9

ஐயோ, நிறுத்துங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன். அது நிற்கப்போகும் இடம் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். மனிதர் நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. பழைய வீடாக இருந்து, கம்பியில் துரு ஏறியிருந்தால் அதையும் நம்ப முடியாது.

வீட்டு மேல்தொட்டி மட்டும் எப்படி நிற்கிறது என்று கேட்பீர்கள். அதைத் தூண்களுக்கும் சுவருக்கும் மேலே, அதற்கென்று உத்திரம் போட்டு வைக்கிறோம். நட்ட நடு மாடியில் அல்ல.

உங்கள் 12 அங்குலப் பையின் கொள்ளளவு இருபது லிட்டர் சொச்சம். நார்க் கலவை நனைந்தால் ஏறக்குறைய இருபது கிலோ. சதுர மீட்டருக்கு நான்கு பை வைத்தால் எண்பது கிலோ, பரவாயில்லை. நூறு லிட்டர் டிரம் நிறைய ஈரமண் என்றால் 170 கிலோவுக்குமேல் போகும். ஆசைக்கு ஒன்றிரண்டு வைக்கலாம். சுவர் ஓடும் கோட்டுக்கு மேலே மட்டும். கீழே படுக்கையறையில் எந்தச் சுவர் எங்கே போகிறது என்று பார்த்து, மாடியில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நான் போட்டுக்கொடுத்த வீடுகளில் அப்படித்தான் செய்யச் சொல்வேன்.

தொட்டியைத் தரையில் வையுங்கள்.

யாழ் வளவு (யாழ்ப்பாணம்) | ஜூன் 9

உப்புத் தண்ணீர் என்றதும் எட்டிப்பார்த்தேன். எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைநீர் தங்கி நிற்பதுதான் கிணறு. அளவுக்கு மேல் இறைத்தால் கடல் உள்ளே வந்துவிடும். கரையோரக் கிணறுகளில் ஒருமுறை உவர் ஏறினால் பிறகு மாரி மழை பெய்தால்தான் விடிவு. ஆகவே இறைத்த தண்ணீரை மண்ணில் பிடித்துவைக்கும் வேலையைத்தான் முதலில் கற்றுக்கொள்கிறோம். வளவில் பனை ஓலையையும் குழையையும் (பச்சைத் தழை) மண்ணுக்குள் தாழ்ப்பது அதற்குத்தான்.

நீங்களும் பையின் மேல்மண்ணை வெறுமையாக விடாதீர்கள். காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் மட்டை, எது கிடைத்தாலும் மூன்று விரல் உயரத்துக்கு மூடாக்குப் போடுங்கள். ஆவியாவது குறையும், உப்பு மேலே ஏறுவதும் குறையும். பழுதான செடிகளுக்கு உடனே பசளை போட வேண்டாம். வேர் தெளிந்த பிறகு போடலாம்.

வெள்ளாமை | ஜூன் 9

பசலையை ஏன் போடக் கூடாது? கொடிப்பசலை கண்டபடி வளருமே, வெயிலையும் தாங்குமே?

யாழ் வளவு | ஜூன் 9

தம்பி, நான் சொன்ன பசளை நீங்கள் சொல்லும் உரம். நீங்கள் சொல்லும் பசலைக்கு எங்கள் ஊரில் பசளி என்று பெயர். ஒரு எழுத்தில் கீரை எருவாகிவிட்டது.

ஓய்வுபெற்ற களப்பணி | ஜூன் 10

இருவர் சொன்னதும் சரி; கீரையையும் போடலாம்.

மேடவாக்கம் அம்மாவுக்கு: இருபத்து நான்கு பையையும் இப்போதே காப்பாற்ற நினைக்காதீர்கள். செத்த செடிகள் இருக்கும் பைகளை வெயில் படாத மூலையில் அடுக்கிவிடுங்கள். ஐப்பசி மழை வந்து கூலியில்லாமல் கழுவிக் கொடுக்கும். உயிருள்ள எட்டு, பத்துப் பைகளுக்கு மட்டும் லாரித் தண்ணீரை நிதானமாக, பைக்கு நாற்பது லிட்டர் வீதம் விடுங்கள். மடமடவென்று கொட்டினால் ஓரமாக வழிந்துவிடும். வடிவதை அளந்து பார்த்து, ஆயிரத்துக்குக் கீழே வந்ததும் நிறுத்துங்கள். அதன்பிறகு மண்ணை விரலால் குத்திப் பார்த்து, இரண்டாவது கணு வரை காய்ந்திருந்தால்தான் தண்ணீர். விடும்போது அடியில் கொஞ்சம் வடியும்வரை விட வேண்டும்.

தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால் போரும் லாரியும் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். உங்கள் கணக்கில் 1,225 வரும். தண்டுக்கீரை அதைச் சமாளிக்கும்.

கணக்குப்பிள்ளை (கோவை) | ஜூன் 12

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நீடித்த வீட்டுத்தோட்டம் என்கிறோம். பிளாஸ்டிக் பை வாங்குகிறோம், அது வெயிலில் இரண்டு மூன்று ஆண்டுகளில் நைந்து பொடிப்பொடியாகி மண்ணிலேயே கலக்கிறது. நாரை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு லாரியில் கொண்டுவருகிறோம். இப்போது குடிக்கிற தண்ணீரையும் லாரியில் வாங்கிச் செடிக்கு ஊற்றச் சொல்கிறீர்கள். 2019 கோடையில் சென்னையில் குடத்தோடு தெருவில் நின்றவர்கள் இதைக் கேட்டால் என்ன நினைப்பார்கள்? மேட்டுப்பாளையத்துக் காயைச் சந்தையில் வாங்கிச் சாப்பிடுவது பூமிக்கு நல்லது இல்லையா?

பசுமைப்பித்தன் | ஜூன் 12

அப்படிப் பார்த்தால் எதையுமே தொடங்க முடியாது. சந்தைக் காயில் தெளிக்கும் பூச்சிக்கொல்லிக்கு என்ன கணக்கு வைத்திருக்கிறீர்கள்?

கும்பகோணத்துக் கொல்லை | ஜூன் 13

கணக்குப்பிள்ளை கேட்டதில் எனக்குக் கோபம் வரவில்லை. நியாயமான கேள்வி. ஆனால் அவர் கணக்கில் வந்ததெல்லாம் கடையில் வாங்கியவை.

எங்கள் மாமியார் வீடு பழைய நீளவாக்கு வீடு. வாசலில் நின்றால் கொல்லை வரை தெரியும். கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாய்க்காலாக வாழைக்குப் போகும். பாத்திரம் தேய்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் கல்வாழையும் சேம்பும். அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்கு. மாடு போன பிறகு கறிவேப்பிலைக்கு. மீந்த புளித்த மோரும் கறிவேப்பிலைக்குத்தான். அந்த மரம் என் மாமியாரைவிட எங்களை அதட்டும். தோட்டத்துக்கென்று தனியாக ஒரு குடம் தண்ணீர் இறைத்து நான் பார்த்ததில்லை. அப்போது தேய்த்தது சாம்பலும் புளியும். இப்போதைய சோப்புத்தூள் தண்ணீரில் சோடியம் இருக்கிறது, அதைக் காய்கறிக்கு விடாதீர்கள், வாழைக்கு மட்டும் போதும்.

இப்போது நானும் அடுக்ககத்தில்தான் இருக்கிறேன். பை வாங்கவில்லை. பெயிண்ட் வாளி, உடைந்த குடம், பழைய அரிசிச் சாக்கு. அடியில் துளை, அதன்மேல் ஓட்டுச்சில்லு. காய்கறித் தோலும் காய்ந்த இலையும்தான் எரு. எருத் தொட்டிக்குள் அடியில் நான்கு விரல் காய்ந்த இலை, அதன்மேல் ஒருநாள் தோல், மறுபடி இரண்டு பங்கு இலை. தோல் தெரியக் கூடாது. நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம், இலையைப் போட்டுக் கிளறு. அசையாமல் கிடந்தால் காய்ந்துவிட்டது, கொஞ்சம் மோர் தெளி. கொழுகொழுவென்று சாம்பல் நிறப் புழு வந்தால் அலறாதீர்கள், அது படைவீரன் ஈயின் புழு, வேலைக்காரப் புழு. இரண்டு மூன்று மாதத்தில் காட்டு மண் வாசனை வரும். சோற்றையும் எண்ணெய்க் குழம்பையும் அதில் கொட்டினால் நான் பொறுப்பில்லை.

கணக்குப்பிள்ளை | ஜூன் 13

அம்மா, அந்தக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். லாரித் தண்ணீரை ஒப்புக்கொள்ள மாட்டேன். மழைநீர் சேமிப்பு 2003-லிருந்து தமிழகத்தில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 60 சதுர மீட்டர் மாடியில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 1,200 லிட்டர். ஓவர்சியர் ஐயா சொன்ன தரைத்தொட்டி ஒரே மழையில் நிரம்பும்.

மொட்டைமாடி | ஜூலை 21

எல்லோருக்கும் நன்றி. பத்துப் பை, கழுவி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. வடிகிற தண்ணீர் 5,900, 3,200, 1,400, கடைசியில் 840. தக்காளி பிழைக்கவில்லை. வெண்டை நான்கும் கத்தரி இரண்டும் புதுத்துளிர் விட்டிருக்கின்றன. ஓரம் சுத்தமான பச்சை. குளிரூட்டித் தண்ணீர் ஒரு இரவுக்கு ஒரு வாளி, 11 லிட்டர் வருகிறது. மீட்டரில் 14. அதுவே பத்துப் பைக்கு ஏறக்குறையப் போதுமாக இருப்பதால் லாரித் தண்ணீரை நிறுத்திவிட்டேன். (கணக்குப்பிள்ளை கவனிக்க.)

ஆடிப்பட்டத்துக்கு நாட்டு அவரை, சுரை, கொத்தவரை விதைத்திருக்கிறேன். விதை பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் வாங்கியது. சாம்பலில் புரட்டி வைத்திருந்தார். விலை: முதல் காய் அவருக்கு.

மொட்டைமாடி | செப்டம்பர் 18

இரண்டு கவலைகள். சுரைக்கொடி நிழல்வலை முழுக்கப் படர்ந்துவிட்டது. பெண்பூ பிஞ்சோடு வருகிறது, நான்கு நாளில் மஞ்சளாகி விழுகிறது. கையால் மகரந்தம் சேர்க்கலாம் என்று காலை ஏழு மணிக்குப் போனால் பூவெல்லாம் வாடித் தொங்குகிறது. அவரை பனைமரம் ஏறுகிற வேகத்தில் போகிறது, ஒரு பூக்கூட இல்லை. பிடுங்கிவிடவா?

வெள்ளாமை | செப்டம்பர் 18

சுரைப்பூ வெள்ளை அக்கா. வெள்ளைப்பூ யாருக்காக? இரவில் வரும் அந்துப்பூச்சிக்காக. அது சாயங்காலம்தான் விரியும், காலையில் கடை கட்டிவிடும். புடலையும் அப்படியே. பீர்க்கு மஞ்சளாக இருந்தாலும் மாலைப்பூதான். காலையில் போக வேண்டியது பூசணிக்கும் பாகலுக்கும். சுரைக்கு மாலை ஆறு, ஆறரை மணிக்கு மாடிக்குப் போங்கள். பிஞ்சு இல்லாமல் நீண்ட காம்போடு நிற்பது ஆண்பூ. அதைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண்பூவின் சூல்முடியில் மெதுவாகத் தடவுங்கள். ஒரு ஆண்பூ இரண்டு பெண்பூவுக்குப் போதும்.

ஓய்வுபெற்ற களப்பணி | செப்டம்பர் 19

அவரையைத் தொடாதீர்கள். நாட்டு அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடியில் போட்டாலும் கார்த்திகை, மார்கழிப் பனிக்குத்தான் கொத்துக் கொத்தாக வரும். பொறுமை இல்லாதவர்களுக்குத்தான் ஆண்டு முழுவதும் காய்க்கும் குத்து அவரை இருக்கிறது. தழைச்சத்துள்ள எருவை மட்டும் இப்போது நிறுத்துங்கள், இலையாகவே போய்க்கொண்டிருக்கும்.

மொட்டைமாடி | நவம்பர் 9

சுரைக்காய் மூன்று. முதலாவது பாட்டிக்குப் போய்விட்டது.

தரையில் ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்தோம். முதல் மழையை மாடி அழுக்கோடு வெளியே விட்டுவிட்டோம். இரண்டாவது மழையில் இரவு பத்து மணிக்கு நிரம்பி வழிந்தது. குடையோடு போய் மீட்டரை வைத்தேன்: 36. என் கணவர்தான் டார்ச் பிடித்தார். கொசுவலையை இரண்டு மடிப்பாக வாயில் கட்டியிருக்கிறோம். ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்பதால் குழாய் முனையையும் விடவில்லை.

மூலையில் அடுக்கிய பதினான்கு பைகளையும் மழைக்கு இழுத்து வைத்தேன். இன்று வடிந்த தண்ணீர் 410. களப்பணி ஐயா, கூலி மிச்சம்.

முன்னாள் ஓவர்சியர் | நவம்பர் 10

மாடி வடிகால் வாயில் இலை அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு மழைக்கும் முன்னால் பாருங்கள். தோட்டம் போட்ட வீடுகளில் மேல்தளம் ஒழுகுவதற்கு நான் கண்ட முதல் காரணம் மண் எடை இல்லை, அடைத்த வடிகால்.

மொட்டைமாடி | ஜனவரி 6

அவரை பூத்துவிட்டது! ஊதாப்பூ. நான்கு நாளுக்கு ஒருமுறை அரைக்கிலோ. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் 618 அடிக்கப்பட்டு, எல்லாக் காய்களையும் எடைபோட்டுக் கிலோ 290 ரூபாய் என்று திருத்தப்பட்டிருக்கிறது. தொட்டி விலையைச் சேர்த்தாரா என்று நான் கேட்கவில்லை.

ஒரு சிக்கல். பூங்கொத்தில் கறுப்பாக அசுவினி அப்பியிருக்கிறது. எறும்பு வரிசையாக ஏறுகிறது. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், மாலையில் தெளிக்கலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன். சரியா? அசுவினிக்கு நடுவே இன்னொரு புழுவும் திரிகிறது. முதலைக் குட்டிபோல், சாம்பல் நிறத்தில் ஆரஞ்சுப் புள்ளி, ஆறு கால். கையால் எடுத்து நசுக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற களப்பணி | ஜனவரி 6

வேப்பெண்ணெயைக் கீழே வையுங்கள். நசுக்குவதை உடனே நிறுத்துங்கள். அது பொறிவண்டின் குட்டி. அசுவினியைத் தின்னத்தான் வந்திருக்கிறது.

ஒரு பழைய சம்பவம். 2008-இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழகம் முழுக்கப் பரவியது. எந்த மருந்துக்கும் கட்டுப்படவில்லை, தெளித்து அலுத்துப்போனோம். 2010-இல் பியூர்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள ஒட்டுண்ணிக் குளவியை வளர்த்து வயல்களில் விட்டார்கள். சில மாதங்களில் அடங்கிவிட்டது. அந்தக் குளவி இருக்கும் தோட்டத்தில் மருந்து தெளிக்காதீர்கள் என்று கெஞ்சிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்களில் நானும் ஒருவன்.

உங்களிடம் வண்டு தானாகவே வந்திருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது எறும்பை நிறுத்துவது. அசுவினி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் இருக்கும். வண்டுக் குட்டியை விரட்டும். பந்தல் காலில் ஒரு துணியைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவுங்கள். அசுவினி மொய்த்த கொத்துகளில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், வண்டு இல்லாத கொத்தாகப் பார்த்து. ஒரு வாரம் பொறுங்கள்.

மொட்டைமாடி | ஜனவரி 6

ஐயா, இன்று காலை மட்டும் ஒன்பதை நசுக்கிவிட்டேன். இப்போது டார்ச் அடித்துத் தேடினேன். இலைக்கு அடியில் இன்னும் இரண்டு இருக்கின்றன.

ஓய்வுபெற்ற களப்பணி | ஜனவரி 6

இரண்டு போதும். விளக்கை அணைத்துவிட்டுக் கீழே வாருங்கள்.